கேட்டலிடிக்கைக் கழற்றினால் டர்போ கார் பறக்குமா?

பாடாங் செராய் தொடங்கி பீடோங் வரை, கார் வைத்திருக்கும் நம் இளைஞர்கள் நாலு பேர் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் பேச்சு எக்ஸோஸ் பக்கம் திரும்பிவிடுகிறது. யார் எந்தக் குழாய் போட்டார், யாருடைய வண்டி என்ன சத்தம் போடுகிறது என்று போகும் அந்தப் பேச்சில் கடைசியாக வரும் யோசனை எப்போதும் ஒன்றுதான். கேட்கானைக் கழற்றிப் போடு, டர்போ வண்டி தானாகப் பறக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது ஒரு சிறு வட்டத்தின் பேச்சாகவே இருந்தது. டர்போ கார் என்றால் பணக்காரர் வண்டி, அல்லது ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக வந்த எஞ்சினைப் பழைய வீராவுக்குள் ஏற்றியவரின் வண்டி. இப்போது அப்படி இல்லை. 2020 அக்டோபரில் புரோட்டோன் எக்ஸ்50, 2021 மார்ச்சில் பெரோடுவா அதிவா, 2023 நவம்பரில் புரோட்டோன் எஸ்70 என்று வரிசையாக வந்த பிறகு டர்போ என்பது சாதாரணக் குடும்பக் காரின் பகுதியாகிவிட்டது. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்டு வேலை செய்யும் பிள்ளையும், ஒன்பது ஆண்டுக் கடனில் என்றாலும், டர்போ வண்டிதான் எடுக்கிறார். ஆகவே, கழற்றலாமா கூடாதா என்ற கேள்வி இன்று தோட்டத்து வீட்டு வாசலிலும் தாமான் வீட்டு போர்ச்சிலும் நிற்கும் வண்டியைப் பற்றியது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது இரண்டு தரப்பும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. கழற்றினால் எதுவுமே கிடைக்காது என்பது சரியில்லை. கழற்றினால் பறக்கும் என்பதும் சரியில்லை. இடையில் இருப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடநூல் தமிழில் இதற்கு 'வினையூக்கி மாற்றி' என்று பெயர். தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் சுங்கைப்பட்டாணியில் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் வினையூக்கி மாற்றி என்று கேட்டாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. கேட்டலிடிக், கேட்கான் என்றால்தான் தெரியும். தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண் துளைகள் உள்ள பீங்கான் கட்டி ஒன்று, எஃகு உறைக்குள் அடைபட்டிருக்கும். அந்தத் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றும் சூடான அந்தப் பூச்சைத் தொட்டதும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர், சூடேறிய பிறகு, இந்த நச்சில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் அழித்துவிடும்.

அந்தத் துளைகள் வழியாகப் புகை புகுந்து போக வேண்டியிருப்பதால் ஒரு தடை உண்டாகிறது. கழற்றச் சொல்பவர்களின் வாதம் முழுவதும் இந்தத் தடையின் மேல்தான் நிற்கிறது. டர்போ வண்டியில் அந்த வாதத்துக்கு நியாயமான ஓர் அடிப்படையும் இருக்கிறது.

டர்போவின் ஒரு பக்கத்தில் புகையால் சுழலும் டர்பைன், மறுபக்கத்தில் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கம்ப்ரசர். டர்பைனைச் சுழற்றுவது புகையின் அழுத்தம் மட்டுமல்ல. டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான விகிதம். ஒரு கணக்குக்காக எண்களைப் போட்டுப் பார்ப்போம். முழு வேகத்தில் டர்பைனுக்கு முன்னால் 2.2 பார், பின்னால் கன்வெர்ட்டர் தடுப்பதால் 1.3 பார் என்று வைத்துக்கொண்டால், விகிதம் ஏறக்குறைய 1.7. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் பெரிய குழாயைப் போட்டுப் பின்னழுத்தம் 1.15 ஆகக் குறைந்தால், அதே 1.7 விகிதத்தைப் பெற முன்னால் 1.95 பார் இருந்தாலே போதும். அதாவது பின்னால் 0.15 குறைந்ததற்கு முன்னால் 0.25 குறைகிறது. எஞ்சின் தன் புகையை வெளியே தள்ள அந்த அளவுக்குக் குறைவாக முக்கினால் போதும். சிலிண்டரில் தங்கும் பழைய புகை குறையும், சூடு குறையும், நாக்கிங் வரும் வாய்ப்பும் குறையும். டர்போவும் கொஞ்சம் முன்னதாகவே சுழலத் தொடங்கும்.

டர்போ இல்லாத மைவியிலோ சாகாவிலோ இவ்வளவு பெருக்கம் கிடைக்காது. ஆகவே டர்போவுக்குத்தான் பலன் அதிகம் என்று சொல்லும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. டர்போவுக்குப் பிறகு பின்னழுத்தம் கொஞ்சம் வேண்டும் என்று எதிர்வாதம் செய்பவர்கள்தான் தவறாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே? இந்த அறிவுரை பிறந்த காலத்தில்.

தொண்ணூறுகளில் வீராவுக்குள் லான்சர் ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ எஞ்சினை ஏற்றிய காலத்தில், பூஸ்டைக் கட்டுப்படுத்தியது பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் குழாயும் ஒரு வால்வும். கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் அதற்கு அவ்வளவு விவரம் தெரியாது. அந்தக் காலத்துக் கன்வெர்ட்டர்களும் தடை அதிகம் உள்ளவை. எடுத்தால் ஓட்டுபவரின் முதுகுக்கே வித்தியாசம் தெரிந்தது. அந்த அனுபவம்தான் கை மாறிக் கை மாறி இன்று எக்ஸ்50 ஓட்டும் தம்பியிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்றைய காரில் எஞ்சின் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இசியு என்ற கம்ப்யூட்டர். நீங்கள் பெடலை மிதிப்பது எஞ்சினுக்கு நேரடியாகப் போவதில்லை. எனக்கு இவ்வளவு இழுவிசை வேண்டும் என்ற விண்ணப்பமாகத்தான் இசியுவுக்குப் போகிறது. 2020இல் வந்த எக்ஸ்50இன் சாதாரண ரகங்களுக்கு 150 பிஎஸ், 226 நியூட்டன் மீட்டர் என்று வரம்பு இருந்தது. ஃபிளாக்‌ஷிப் ரகத்துக்கு 177 பிஎஸ், 255 நியூட்டன் மீட்டர். ஒரு லிட்டர் அதிவாவுக்கு 98 பிஎஸ், 140 நியூட்டன் மீட்டர். எஞ்சினும் கியர்பாக்ஸும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தே தயாரிப்பாளர் இந்த எண்களை வைக்கிறார். கன்வெர்ட்டரைக் கழற்றியதும் டர்போ சுலபமாகச் சுழல்கிறது. அதைக் கண்ட இசியு என்ன செய்யும்? வேஸ்ட்கேட் என்ற கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, கூடுதல் புகையை டர்பைனைத் தொடாமலே வெளியே அனுப்பிவிடும். பூஸ்ட் அதே அளவில் நிற்கும். முன்னழுத்தம் குறைந்ததால் கிடைக்கும் சிறு ஆதாயம் உச்ச ஆர்பிஎம்மில் சில குதிரைத்திறனாகத் தெரியலாம். நம் வெயிலில் இன்டர்கூலர் சூடேறினால் டைனோ மேடையில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலேயே அந்த அளவு வித்தியாசம் வந்துவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேலே போட்ட கணக்கு முழு மிதிப்புக்கானது. சுங்கைப்பட்டாணியிலிருந்து கோலக்கெட்டில் வரை தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குழாயில் ஓடும் புகை மிகவும் குறைவு. அந்த ஓட்டத்தில் கன்வெர்ட்டர் காட்டும் தடை எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பெட்ரோல் மிச்சமாகும் என்ற வாதமும் நிற்கவில்லை.

பிறகு ஏன் கழற்றியவர்கள் எல்லாரும் வண்டி இழுக்கிறது என்கிறார்கள்? பாதிக் காரணம் காது. கன்வெர்ட்டர் ஒரு நல்ல சத்தத்தடுப்பானும்கூட. அதை எடுத்ததும் டர்போவின் விசில் கேட்கிறது, வேஸ்ட்கேட் சத்தம் கேட்கிறது, கால் எடுக்கும்போது வெடி கேட்கிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனசு சொல்லும். மீதிப் பாதிக் காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

உண்மையான பலன் வேண்டுமென்றால் இசியுவை ரீமேப் செய்ய வேண்டும். டியூனிங் கடைகளில் 'ஸ்டேஜ் 2' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: பெரிய டவுன்பைப், அதற்கேற்ற புது மேப். அப்படிச் செய்தால் பலன் உண்டு. பல வண்டிகளில் நன்றாகவே உண்டு. ஆனால் அதில் பெரும்பங்கு பூஸ்டைக் கூட்டியதால் வருவது. கன்வெர்ட்டர் போனதால் வருவது அதில் ஒரு துண்டு. அதோடு, பூஸ்டைக் கூட்டிய மேப் பெரும்பாலும் ரோன்97 பெட்ரோல் கேட்கும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தில் லிட்டர் 1.99 ரிங்கிட் என்பது ரோன்95க்கு மட்டும். ரோன்97 சந்தை விலை. அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்கும் பிள்ளைக்கு இது ஒருமுறைச் செலவல்ல, ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றும்போதும் வரும் செலவு. இதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை.

ரீமேப் செய்யாமல் கழற்றி மட்டும் போட்டால் வரும் தொல்லைகள் தனி. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று இருக்கும். முன்னால் உள்ளது பெட்ரோல் கலவையைப் பார்க்கிறது. பின்னால் உள்ளது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. கன்வெர்ட்டர் இல்லை என்றதும் இரண்டும் ஒரே மாதிரி துள்ளும். சில நாளில் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் பி0420 என்று வரும். அந்த விளக்கை அணைக்கப் பின் சென்சாருக்கு அடியில் ஒரு நீளத் திருகை வைத்து அதை ஏமாற்றுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும், கார்க்காரருக்கு நிம்மதி. விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து. நாளைக்கு ஒரு பிளக் பழுதாகி மிஸ்ஃபயர் ஆனாலும் அதே மஞ்சள் விளக்குதான் எரிய வேண்டும். ஏற்கெனவே எரியும் விளக்கில் புதிய செய்தி எப்படித் தெரியும்?

அதைவிடப் பெரியது பூஸ்ட் கட்டுப்பாடு கைமீறிப் போவது. சில டர்போக்களில் வேஸ்ட்கேட் துளை சிறியது. தொழிற்சாலைக் குழாயின் தடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்த அளவு அது. தடையை எடுத்துவிட்டால் கதவை முழுக்கத் திறந்தும் புகையை வெளியேற்ற முடியாமல் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். இசியு அதைக் கண்டதும் எண்ணெயை வெட்டிவிடும். வண்டி திடீரென்று உதறி, லிம்ப் மோடுக்குப் போய் இழுவை இல்லாமல் நிற்கும். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த மீதிப் பாதிக் காரணத்துக்கு வருகிறேன். இது எங்கள் குடும்பத்திலேயே நடந்தது.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். தோட்டத்தில் பிறந்து, இப்போது பீடோங் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறார். பத்து வயது தாண்டிய ஒரு டர்போ குடும்பக் காரை இரண்டாம் கையாக வாங்கினார். ஒரு வருடத்தில் வண்டி இழுவையை இழந்தது. ஜெராய் மலைச் சாலையில் ஏறும்போது மூச்சு வாங்கியது. ஒரு பட்டறையில் காட்டினார். கேட்கான் அடைத்துவிட்டது, எடுத்துவிடலாம், கூலி வேண்டாம் என்றார்கள். எடுத்தார்கள். வண்டி அன்று மாலையே பாய்ந்தது. அண்ணன் அடுத்த இரண்டு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டலிடிக்கைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்கு மாதத்தில் புகைக்குழாயிலிருந்து நீலப் புகை. எஞ்சின் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. டர்போவின் ஆயில் சீல் தேய்ந்து, ஆயில் கசிந்து, புகையோடு எரிந்து, அந்தச் சாம்பல்தான் முதலில் கன்வெர்ட்டரை அடைத்திருக்கிறது. கன்வெர்ட்டர் நோய் அல்ல, நோயின் அறிகுறி. அதைத் தூக்கி எறிந்ததால் இழுவை திரும்பியது. நோய் உள்ளேயே வளர்ந்தது. கடைசியில் டர்போவையே மாற்ற வேண்டியதாயிற்று.

கழற்றினேன், பறந்தது என்று சொல்லும் பழைய வண்டிக்காரர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அடைபட்ட கன்வெர்ட்டரையும் நல்ல கன்வெர்ட்டரையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். அடைப்பு இழுவையைக் கொல்லும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல கன்வெர்ட்டர் தானாக அடைவதில்லை. ஆயில் எரியும் எஞ்சின், நாள்கணக்கில் மிஸ்ஃபயரோடு ஓட்டிய எஞ்சின், பெட்ரோல் அதிகம் ஊற்றும் இன்ஜெக்டர் ஆகியவைதான் பெரும்பாலும் அதைக் கொல்கின்றன. எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் அந்தப் பீங்கானே உருகிவிடும்.

அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வழி எளிது. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கலாம். ஐடிலில் முள் கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போய் நின்றால் அடைப்பு என்று கொள்ளலாம். கால் மணி நேர வேலை. அதைச் செய்யாமல் குழாயைத் தட்டிப் பார்த்தே அடைப்பு என்று சொல்லும் கடையில் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

அடைப்பு என்றால்கூட சில இடங்களில் கன்வெர்ட்டரை மாற்றுவதில்லை. உள்ளே உள்ள தேன்கூட்டைக் கம்பியால் குத்தி உடைத்துக் கொட்டிவிட்டு, வெறும் உறையை மீண்டும் பொருத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கன்வெர்ட்டர் இருப்பது போலவே இருக்கும். இழுவைக்கு இது சரியான வழியும் அல்ல. குறுகிய குழாயிலிருந்து வரும் புகை திடீரென்று ஒரு வெற்று டப்பாவுக்குள் விரிந்து சுழன்று மீண்டும் சுருங்கிப் போக வேண்டும். உடைந்த துண்டுகள் பின்னால் உள்ள சைலன்சரில் போய் அடைக்கும். உடைக்கும்போது கிளம்பும் பீங்கான் தூசியை முகத்துணி இல்லாமல் சுவாசிப்பது பட்டறையில் வேலை கற்க வந்த பதினெட்டு வயதுப் பிள்ளை.

அண்ணனிடம் கூலி வேண்டாம் என்று சொன்ன அந்த இடத்துக்குத் திரும்புவோம். ஏன் வேண்டாம் என்றார்கள்? வண்டியைத் தூக்கி, சூட்டில் இறுகிப்போன போல்ட்டுகளைக் கழற்றி, வேறு குழாய் வைத்து ஒட்டும் வேலையை யார் சும்மா செய்வார்கள்?

அந்தத் தேன்கூட்டுப் பூச்சில் உள்ள உலோகம் சில கிராம்தான். ஆனால் விலையைப் பாருங்கள். 2021 மார்ச்சில் ரோடியம் ஓர் அவுன்ஸ் 28,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அப்போது தங்கம் 1,700 டாலர் அளவில் இருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், உக்ரேன் போர் தொடங்கியதும், பல்லேடியம் 3,000 டாலரைத் தாண்டியது. உலகின் பெரிய பல்லேடிய நாடு ரஷ்யா என்பதே காரணம். அமெரிக்காவில் 2022இல் மட்டும் கன்வெர்ட்டர் திருட்டுக்காக 64,000க்கும் மேற்பட்ட காப்புறுதிக் கோரிக்கைகள் பதிவாயின. பிறகு ரோடியமும் பல்லேடியமும் பெருமளவு சரிந்தன. ஆனால் 2025இல் பிளாட்டினம் மீண்டும் ஏறி, ஓராண்டில் ஏறக்குறைய இரு மடங்கானது. ஆகவே பழைய கன்வெர்ட்டர் இன்றைக்கும் பழைய இரும்பு அல்ல. அதை எடை போட்டு வாங்க ஆள் இருக்கிறார். அவரிடமிருந்து வாங்கி உருக்கிப் பிரிக்கும் ஆலை இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரிஜினல் என்றால் விலை இன்னும் கூடுதல். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மாற்றுச் சாமான்களில் உலோகப் பூச்சு மெலிது.

கூலி வேண்டாம் என்று கழற்றிக் கொடுப்பவர் தானம் செய்யவில்லை. உங்கள் வண்டியின் விலையுயர்ந்த ஒரு சாமானை இலவசமாக வாங்கிக்கொள்கிறார். நாளைக்கு அதே சாமான் உங்களுக்குத் தேவைப்பட்டால் ஆயிரக்கணக்கில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எல்லாப் பட்டறைகளும் இப்படி என்று சொல்லவில்லை. பழையதைக் கையில் கொடுத்து, இதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நேர்மையான மெக்கானிக்குகளும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கூலி கேட்பார்கள், கேட்பது நியாயம்.

தேவைப்படுமா என்று கேட்கலாம். இங்கேதான் சட்டம் வருகிறது. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1996இல் பெட்ரோல் எஞ்சின் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் கொண்டுவரப்பட்டன. கன்வெர்ட்டர் நம் கார்களில் வழக்கமானது அந்த மாற்றத்தோடுதான். எக்ஸோஸ் மாற்றங்களுக்காக ஜேபிஜே பிடித்தால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் இருக்கிறது. ஆனால் சாலைத் தடுப்பில் அதிகாரியின் கண்ணிலும் காதிலும் படுவது சத்தமும் குழாயின் அளவும்தான். உள்ளே குடைந்தெடுத்த கன்வெர்ட்டரை வெளியிலிருந்து யார் கண்டுபிடிப்பது? நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனையும் கிடையாது. பெயர் மாற்றும்போதுதான் வண்டி பரிசோதனை மையத்துக்குப் போகிறது. அதனால் கழற்றியவர் பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓட்டலாம். அந்த ஓட்டை உண்மை. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஆனால் கிராப் ஓட்டுபவர்களுக்கு அந்த ஓட்டையும் இல்லை. மின்-அழைப்பு வாகனம் மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே புகையையும் அளப்பார்கள். வேலை முடித்து வந்து இரவில் கிராப் ஓட்டி மாதத் தவணை கட்டும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று சுங்கைப்பட்டாணியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடன் முடியும்வரை வாடகைக் கொள்முதல் சட்டப்படி வண்டி வங்கியுடையது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். புது வண்டியில் புரோட்டோனும் பெரோடுவாவும் தரும் ஐந்தாண்டு உத்தரவாதத்தில், டவுன்பைப்பை அறுத்த பிறகு டர்போவில் பழுது வந்தால் என்ன பதில் வரும் என்பதை ஊகிக்கலாம்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழற்றிய வண்டிக்குப் பின்னால் சிக்னலில் மோட்டார் சைக்கிளில் நின்றவருக்குத் தெரியும். கண் எரியும், பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கும். அந்த வாடை வெளியில் உள்ளவருக்கு. உள்ளே இருப்பவருக்கு வருவது வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு. தொழிற்சாலைக் குழாயை அறுத்து ஒட்டிய இடத்தில் வெல்டிங் சரியில்லாமல் எஞ்சின் அறைக்குள்ளோ வண்டிக்கு அடியிலோ கசிந்தால், அது ஏசி வழியாகவோ தரையின் இடுக்கு வழியாகவோ உள்ளே வரலாம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் கசியும் புகையில் அந்த நச்சு குறைவாக இருக்கும். கன்வெர்ட்டரே இல்லாத வண்டியில் எஞ்சின் கக்கிய அளவு அப்படியே இருக்கும். தைப்பூசத்துக்குக் கெடாவிலிருந்து பத்துமலைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருவார்கள். தலைவலி, குமட்டல், அளவுக்கு மீறிய தூக்கம் என்றால் அதைப் பயணக் களைப்பு என்றுதான் நாம் நினைப்போம்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2020 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் ரோன்95 பெட்ரோல் யூரோ 4எம் தரத்துக்கு மாறியது. கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 50 பங்காகக் குறைந்தது. கந்தகம் கன்வெர்ட்டரின் பூச்சை மழுங்கடிக்கும் என்பது இந்த மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம். எண்ணெய் ஆலைகள் பெரும் செலவு செய்து அந்தச் சாமானுக்கு ஏற்ற பெட்ரோலைக் கொண்டுவந்து சேர்க்க, நாம் அந்தச் சாமானைக் கழற்றிக் கிலோ கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

பந்தயத் திடலுக்கு மட்டும் வண்டி வைத்திருப்பவர் கழற்றட்டும், அது அவருடைய விளையாட்டு. சாலையில் ஓட்டும் வண்டியில் கூடுதல் இழுவை வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுபவருக்கு, துளைகள் அகலமான உலோகக் கன்வெர்ட்டர் வைத்த டவுன்பைப் இருக்கிறது. தடையில் பெரும்பகுதியை அது குறைத்துவிடும், நச்சையும் ஓரளவு அழிக்கும். அதிலும் எக்ஸோஸ் மாற்றம் என்ற சட்டக் கேள்வி இருக்கத்தான் செய்கிறது. மற்றவர்கள் முதலில் பிளக், காற்று வடிகட்டி, இன்டர்கூலர் குழாய் இணைப்புகள், ஆயில் தேதி ஆகியவற்றைப் பார்த்தால், போன இழுவையில் பெரும்பகுதி பல வண்டிகளில் அங்கேயே கிடைத்துவிடும். டர்போ வண்டிக்கு ஆயில் மாற்றுவதை ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு என்பது என் கருத்து.

இரண்டாம் கையாக டர்போ கார் வாங்கப் போகிறவர்கள் மட்டும் இதைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும், எஞ்சினைக் கிளப்பும் முன், மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்து பிறகு அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ அதைப் பிடுங்கியிருக்கலாம். வண்டியைத் தூக்கி, டர்போவிலிருந்து இறங்கும் குழாயில் புதிய வெல்டிங் தழும்பு இருக்கிறதா, பின் சென்சார் வழக்கத்துக்கு மாறாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெற்று டப்பா போல ஒலித்தாலோ உள்ளே துண்டுகள் கிலுகிலுத்தாலோ விலையைப் பேசும் முன் அதைப் பேசுங்கள்.

அண்ணன் போன மாதம் அந்த வண்டியை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவர் விவரமானவர். ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். கீழே படுத்துப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் கன்வெர்ட்டர் எங்கே என்று கேட்டார்கள். புதிதாக வாங்கிப் பொருத்திக் கொடுத்த பிறகுதான் பெயர் மாறியது. பழையது என்ன விலைக்குப் போயிருக்கும் என்று அண்ணன் அந்தப் பட்டறையில் கேட்டுப் பார்த்தார். நினைவில்லை என்றார்களாம்.